வழிவழி வந்த உரோமக் காசுகள்: அடையாளமும் சான்று மதிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

தென்னிந்தியக் குடும்பங்களில் பரம்பரையாக வந்துள்ள உரோமக் காசுகளை எவ்வாறு அடையாளம் காண்பது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கிடைத்த இடம் தெரியாத காசு வரலாற்றுக்குப் பயன்படாது என்ற கருத்து ஆய்வாளரிடையே பரவலாக உண்டு. அது ஓரளவே சரி. அக்கசாலை பதித்த உருவமும் எழுத்தும் காசின் பிறப்பைக் காட்டுகின்றன. வெட்டுத் தழும்பும் துளையும் தேய்வும் அது இங்கு வாழ்ந்த வாழ்வைக் காட்டுகின்றன. இரண்டாவது வகைச் சான்றே தமிழக வரலாற்றுக்கு நெருக்கமானது. எளிதில் அழிக்கப்படுவதும் அதுவே.

திறவுச்சொற்கள்: உரோமக் காசுகள், தெனாரியஸ், ஔரியஸ், வெட்டுத் தழும்பு, புதையல், நாணயவியல்

முன்னுரை

தமிழகத்தில் கிடைத்த உரோமக் காசுகளைப் பற்றிய ஆய்வு பெரும்பாலும் புதையல்களைக் கொண்டே வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, பொள்ளாச்சிப் பகுதியில் ஒரு பானையில் கிடைத்த உரோம வெள்ளிக்காசுகளைப் பிரான்சிஸ் புக்கானன் தம் பயண நூலில் குறித்தார். 1842-இல் கோவையை அடுத்த வெள்ளலூரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் வெளிப்பட்டன. 1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 501 பொற்காசுகள் கிடைத்தன. இத்தகைய செய்திகளைத் திரட்டி 1904-இல் இராபர்ட் சூவெல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 1989-இல் பவுலா டர்னர் அதை விரிவாக்கித் திருத்தமான தொகுப்பொன்றை அளித்தார். ஊர், ஆண்டு, எண்ணிக்கை, அரசர் பெயர் ஆகிய நான்கும் தெரிந்த காசுகளே இப்பட்டியல்களில் முதலிடம் பெற்றன.

பட்டியலுக்குள் வராத காசுகளும் உள்ளன. இரும்புப் பெட்டியின் அடியில் துணி முடிச்சில் இருப்பவை, பூசையறைச் செம்பில் கிடப்பவை, காசுமாலையின் நடுவே கோக்கப்பட்டவை, பாகப்பிரிவினையில் ஆளுக்கொன்றாகப் பிரிந்துபோனவை என அவை பலவகை. ‘பாட்டனார் காலத்துப் புதையல்’ என்பதற்கு மேல் அவற்றைப் பற்றி வீட்டார் சொல்ல முடிவது அரிது. இவற்றை ஆய்வுக்கு உட்படுத்துவதில் இரு தவறுகள் நேர்கின்றன. காசில் உள்ள தலை எந்தப் பேரரசனுடையது என்று கண்டதும் வேலை முடிந்ததாகக் கருதுவது ஒன்று. கிடைத்த இடம் தெரியவில்லை என்றதும் காசையே ஒதுக்கிவிடுவது மற்றொன்று.

உரோமக் காசு அல்லாதவை

அடையாளம் காணும் பணி விலக்கலில் தொடங்க வேண்டும். வீடுகளில் ‘உரோமக் காசு’ என்று காட்டப்படுபவற்றுள் வெனிசு நகரத்துப் பொற்காசுகளும் உண்டு. டுகாட் எனவும் செக்கின் எனவும் பெயர் பெற்ற இக்காசு 1284 முதல் 1797 வரை ஏறக்குறைய மாறாத உருவத்தில் அடிக்கப்பட்டது, சுமார் 3.5 கிராம் எடையுள்ள, மாற்றுக் குறையாத பொன். கேரளக் கரையிலும் தமிழகத் தென்கோடியிலும் அது பெருமளவில் புழங்கியது. ஒரு பக்கத்தில் கொடிக்கம்பத்தைப் பற்றியபடி மண்டியிடும் நகரத்தலைவரும் அவர்முன் நிற்கும் புனித மாற்குவும், மறுபக்கத்தில் விண்மீன்கள் சூழ்ந்த நீள்வட்டத்துள் இயேசுவின் உருவமும் அமைந்திருக்கும். கொடிக்கம்பத்தைப் பனைமரம் என்றும் அருகில் நிற்பவரை மரமேறி என்றும் மக்கள் கண்டனர். காசுக்கு அவர்கள் வழங்கிய பெயரும் அதனடியாகப் பிறந்தது. நீள்வட்டத்துள் முழு உருவம் நிற்கும் மெல்லிய பொற்காசு எதுவாயினும் அதை உரோமப் பேரரசோடு இணைக்கத் தேவையில்லை. உரோமரின் பொற்காசில் முன்பக்கத்தை நிறைப்பது பேரரசனின் தலையோ மார்பளவு உருவமோதான்.

பவுன் எனப்படும் ஆங்கிலேயத் தங்கக்காசு வேறொரு வகையில் குழப்பம் விளைத்தது. அதன் எடை 8 கிராமுக்குச் சற்றே குறைவு. நீரோவின் காலத்துக்கு முற்பட்ட ஔரியஸ் என்னும் உரோமப் பொற்காசு, தேயாத நிலையில் 7.8 கிராம் அளவில் நிற்கும். பொற்கொல்லரின் தராசில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ‘ஒரு பவுன் பழைய காசு’ எனக் கணக்கிடப்பட்டு உருக்குக்குப் போன ஔரியஸ்கள் எத்தனை என்பது எந்தப் பட்டியலிலும் ஏறாத கணக்கு.

விலக்கலில் தவறக்கூடாத இன்னொரு வகை சேரர் வெள்ளிக்காசு. கரூர்ப் பகுதியில் கிடைத்த ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ ஆகிய பெயர்கள் பொறித்த காசுகளில் உரோமப் பாணியைத் தழுவிய தலையுருவம் காணப்படுகிறது. எழுத்து தேய்ந்துபோனால் அவற்றைக் கெட்டுப்போன தெனாரியஸ் என்று தள்ளிவிட இடமுண்டு. தலையைச் சுற்றியுள்ள கோடுகளை உரோம எழுத்தாகவே படிக்க முயலும் கண்ணுக்குத் தமிழ் பிராமி எழுத்து தென்படாது. ஆதலின் தலையுருவமுள்ள தேய்ந்த வெள்ளிக்காசு ஒவ்வொன்றையும் சாய்வான ஒளியில், இருவகை எழுத்துக்கும் இடம்கொடுத்துப் பார்ப்பதே முறை. உரோமக் காசு ஒன்று குறைந்து சேரர் காசு ஒன்று கூடுவது தமிழக வரலாற்றுக்கு இழப்பன்று.

இறுதியாகப் போலிகள். அச்சில் வார்த்த போலியின் விளிம்பில் இரு பாதிகளும் கூடிய தடம் தெரியும். பரப்பில் நுண்ணிய குமிழிக் குழிகள் இருக்கும். எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். உண்மைக் காசு இரு அச்சுகளுக்கிடையே உலோகத்தை வைத்துச் சம்மட்டியால் அடித்துச் செய்யப்பட்டது. ஆதலின் விளிம்பு ஒழுங்கற்றிருப்பதும் உருவம் நடுவிலிருந்து விலகியிருப்பதும் குறையல்ல. வட்டம் பிசகாத, எல்லா எழுத்தும் முழுதாக விழுந்த தெனாரியஸ்தான் ஐயத்துக்குரியது. செம்பின்மேல் வெள்ளித்தோல் போர்த்திய போலிகள் பழங்காலத்திலேயே இருந்தன. வெள்ளித்தோல் உரிந்த இடத்தில் பச்சை படிந்த செம்பு வெளித்தெரியும். இத்தகைய பழம்போலியை இக்காலப் போலியோடு சேர்த்து எறிந்துவிடக் கூடாது. அதுவும் அக்காலச் சான்றே.

அக்கசாலையின் குறிகள்

எஞ்சிய காசு உரோமக் காசே என்று தெளிந்தபின் உலோகம், எடை, எழுத்து என்னும் வரிசையில் செல்வது எளிது. எடையை நூறில் ஒரு கிராம் நுட்பத்துக்கு அளக்க வேண்டும். நீரோ கி.பி. 64-ஆம் ஆண்டளவில் செய்த மாற்றம் இங்குப் பெரிதும் உதவுகிறது. அதற்குமுன் ஓர் உரோமப் பவுண்டுப் பொன்னிலிருந்து சுமார் 40 ஔரியஸ் அடிக்கப்பட்டன. பின் அது 45 ஆயிற்று. வெள்ளியில் 84 தெனாரியஸ் என்றிருந்தது 96 ஆயிற்று. வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. எனவே முற்பட்ட தெனாரியஸ் 3.9 கிராம் அளவிலும் பிற்பட்டது 3.4 கிராம் அளவிலும் அமையும். தேய்வு இவ்வெல்லைகளைக் கலைக்கக்கூடும் என்பதால் எடையை மட்டும் கொண்டு முடிவுகட்ட இயலாது. கான்ஸ்டன்டைன் அறிமுகப்படுத்திய சாலிடஸ் என்னும் பொற்காசு பவுண்டுக்கு 72 என்ற கணக்கில் 4.5 கிராம் அளவில் நிற்கும். பொற்காசுகளுள் இம்மூன்று எடைகளும் மூன்று காலங்களைப் பிரிக்கும் முதற்கோடுகள்.

பொன்னைச் சோதிக்க உரைகல்லில் தேய்ப்பது நம் வழக்கம். காசைப் பொறுத்தவரை அது சிறு சிதைவு. நீரில் அமிழ்த்தி எடை காணும் ஒப்படர்த்தி முறை காசுக்குத் தீங்கிழைக்காது. தொடக்கப் பேரரசின் ஔரியஸ் ஏறத்தாழத் தூய பொன் ஆதலால் அதன் ஒப்படர்த்தி 19-ஐ ஒட்டி நிற்கும். நகைக்குரிய 22 மாற்றுப் பொன்னில் செய்த நகல் 18-க்கும் கீழே இறங்கிவிடும்.

எழுத்தைப் படிப்பது அச்சமூட்டும் வேலையாகத் தோன்றினாலும் அவ்வாறன்று. இலத்தீன் எழுத்துகள் இன்றைய ஆங்கிலப் பேரெழுத்துகளே. உகரத்துக்கும் வகரத்துக்கும் ‘வி’ வடிவம் ஒன்றே வரும் என்பதும், சொற்கள் இடைவெளியின்றிச் சுருக்கி எழுதப்படும் என்பதும் தெரிந்தால் போதும். ‘ஏ வி ஜி’ என்பது அகஸ்டஸ் என்னும் பட்டம். அது ஒருவர் பெயர் மட்டுமன்று, பேரரசர் அனைவரும் தாங்கியது. இவ்வொன்றை அறியாமையால் வெஸ்பேசியன் காசும் டிராஜன் காசும் ‘அகஸ்டஸ் காசு’ என்று பெயர் பெற்றுவிடுவதுண்டு. ‘டி ஆர் பி’ என்பது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட குடிகாவலர் அதிகாரத்தைக் குறிக்கும். அதனை அடுத்துவரும் எண் இருந்தால் காசு அடிக்கப்பட்ட ஆண்டையே கூறிவிடலாம்.

தென்னிந்தியாவில் கிடைக்கும் வெள்ளிக்காசுகளைப் பொறுத்தவரை, இந்தப் பொதுவிதிகளைவிட இரண்டே வகைகளை நன்கு அறிந்திருப்பது அதிகம் பயன்படும். முதலாவது அகஸ்டஸின் காசு. முன்பக்கத்தில் வாகைமாலை சூடிய தலை. ‘நாட்டின் தந்தை’ என்னும் பட்டத்தோடு முடியும் எழுத்து. பின்பக்கத்தில் இரு இளைஞர் நேர்முகமாக நிற்பர். அவர்களிடையே இரு கேடயங்களும் ஈட்டிகளும். மேலே சடங்குக் கரண்டியும் வளைந்த கோலும். இளைஞர் இருவரும் அகஸ்டஸின் பேரர்களும் வளர்ப்பு மைந்தருமான காயுஸ், லூசியுஸ். ‘நாட்டின் தந்தை’ என்னும் பட்டம் கி.மு. 2-இல் வழங்கப்பட்டது என்பதால் காசு அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. லூசியுஸ் கி.பி. 2-இலும் காயுஸ் கி.பி. 4-இலும் இறந்தனர்.

இரண்டாவது கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட டைபீரியஸின் காசு. பின்பக்கத்தில் இருக்கையில் அமர்ந்த பெண்ணொருத்தி ஒரு கையில் கோலும் மறுகையில் கிளையும் தாங்கியிருப்பாள். ‘பொன்டிஃப் மாக்சிம்’, அதாவது தலைமைக் குரு, என்னும் எழுத்து இருபுறமும் அமையும். ஆண்டெண் இல்லை. இருக்கைக் கால்களின் வேலைப்பாடு, பெண்ணின் காலடிக் கோடு ஆகியவற்றின் வேறுபாடுகளைக் கொண்டே உட்பிரிவுகள் காணப்படுகின்றன. எனவே ‘அமர்ந்த பெண்’ என்று எழுதி நிறுத்துவது போதாது. இருக்கையின் காலையும் வரைந்துகொள்ள வேண்டும். இவ்விரு வகைகளும் இன்று பிரான்சிலுள்ள லியோன் நகரான லுக்டுனத்தில் அடிக்கப்பட்டவை. விவிலியத்தில் இயேசுவிடம் காட்டப்படும் வரிக்காசு டைபீரியஸின் இக்காசே என்பது மரபுக் கருத்து. அந்தப் புகழால் இதன் நகல்கள் நினைவுப்பொருளாக விற்கப்படுகின்றன; திருத்தலப் பயணம் சென்றவர் வாங்கிவந்த நகல் இரண்டு தலைமுறையில் ‘பரம்பரைக் காசு’ ஆகிவிடுகிறது.

செம்புக் காசுகள் வேறு உலகம். நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இவை விரல் நகத்தளவே. எடை ஒரு கிராம் அல்லது சற்று மிகுதி. கரூர், மதுரை, திருக்கோயிலூர் ஆகிய இடங்களில் கிடைத்தவற்றை 1994-இல் இரா. கிருஷ்ணமூர்த்தி தனி நூலாக வெளியிட்டபின்னரே அவற்றின் பரப்புப் புலனாயிற்று. இவற்றில் முன்பக்கத் தலை ஒன்றுபோலவே இருக்கும். எழுத்து பெரும்பாலும் காசின் விளிம்புக்கு வெளியே போயிருக்கும். ஆகவே பின்பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. மாலைக்குள் சிலுவை, கைதியை இழுத்துச்செல்லும் வெற்றித்தேவதை, குதிரையிலிருந்து விழும் பகைவனைக் குத்தும் வீரன், கொடிகளுக்கு இருபுறமும் இரு வீரர், நிற்கும் மூன்று பேரரசர் ஆகிய உருவங்களுள் எது என்று கண்டால் கால எல்லை சில பத்தாண்டுகளுக்குள் சுருங்கும். உருவத்தின் கீழுள்ள சிறு எழுத்துகள் அக்கசாலையைச் சொல்லும்: ‘ஏ எல் இ’ அலெக்சாந்திரியா, ‘ஏ என் டி’ அந்தியோக்கு, ‘சி ஓ என் எஸ்’ கான்ஸ்டான்டிநோபிள். இலங்கையில் இக்காசுகள் மிகப் பெருந்தொகையாகக் கிடைப்பதோடு, அவற்றைப் பார்த்து அங்கேயே அடிக்கப்பட்ட போன்மைகளும் உள்ளன. 2008-இல் ரைன்ஹோல்ட் வால்புர்க் அவற்றை விரிவாக ஆராய்ந்தார். போன்மையில் எழுத்து வெறும் கோடுகளாகச் சிதைந்திருக்கும். உருவம் குச்சிச் சித்திரம் போலாகியிருக்கும். இதைத் ‘தேய்ந்த உரோமக் காசு’ என்று பதிந்தால், உள்நாட்டில் சில்லறைத் தேவைக்காகக் காசு அடித்தோர் இருந்தனர் என்னும் செய்தி மறைந்துவிடும்.

இந்நிலம் இட்ட தழும்புகள்

இதுவரை சொன்னவை உலகின் எப்பகுதியிலும் கிடைத்த உரோமக் காசுக்குப் பொருந்தும். தென்னிந்தியக் காசுக்கே உரிய குறிகள் இனி வருபவை.

1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ஔரியஸ்களை ஆராய்ந்து ஜி. எஃப். ஹில் எழுதிய கட்டுரை இத்துறையில் அடிப்படையானது. அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையிலான காசுகள் அதில் இருந்தன. அவை நன்கு தேய்ந்திருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. தலையில்லாத பின்பக்கத்தை வெட்டியவர்கள் பொதுவாக நாடவில்லை.

இவ்வெட்டுக்குப் பல விளக்கங்கள் தரப்பட்டுள்ளன. உள்ளே வேற்று உலோகம் உள்ளதா என்று சோதித்தது என்பர் சிலர். அயல் மன்னனின் முகத்தைச் செல்லாததாக்கி, காசை வெறும் பொன்னாக மாற்றியது என்பர் வேறு சிலர். உருவ வெறுப்பு என்ற விளக்கமும் உண்டு. சோதனை என்னும் விளக்கம் வெள்ளிக்கு ஓரளவு பொருந்தும். வெள்ளித்தோல் போர்த்திய போலி அங்கு உண்மையான அச்சமே. பொன்னுக்கு அது பொருந்தவில்லை. பொன்னின் மாற்றை உரைத்தும் எடையிட்டும் அறியும் ஊரில் நூற்றுக்கணக்கான காசுகளை வெட்டிப் பார்க்க வேண்டியதில்லை. வெட்டிப் பார்ப்பவர் தலையையே தேடி வெட்டவும் வேண்டியதில்லை. ஓரே இடத்தில், ஒரே முறையில், ஒரே நோக்கோடு விழுந்த வெட்டுகள் ஓர் அதிகாரத்தின் ஆணையையோ ஒரு வணிகக் குழுவின் வழக்கத்தையோ காட்டுகின்றன என்பதே ஏற்புடையது. அந்த அதிகாரம் எது என்பதற்கு வெட்டின் ஆழம், கோணம், உளிவாயின் அகலம் ஆகியவை பல புதையல்களில் ஒப்பிடப்பட வேண்டும். எல்லாப் புதையல்களிலும் வெட்டு இல்லை. வெட்டிய காசும் வெட்டாத காசும் கலந்து கிடைத்தவையும் உண்டு.

குடும்பத்தில் உள்ள தனிக்காசு இங்கேதான் மதிப்புப் பெறுகிறது. தலைமேல் வெட்டுள்ள ஔரியஸ் ஒன்று வீட்டில் இருந்தால், ‘அயல்நாட்டில் வாங்கியதோ’ என்னும் ஐயம் பெரிதும் நீங்கும். ஏனெனில் இவ்வழக்கம் தென்னிந்தியக் காசுகளோடு சிறப்பாக இணைந்தது. ஊர்ப்பெயர் தெரியாவிட்டாலும் அது புழங்கிய பெருநிலப் பகுதியைக் காசே கூறிவிடுகிறது. ஆயினும் விற்பனையாளர் கண்ணுக்கு வெட்டு ஒரு குறை. விலையைக் குறைக்கும் ஊனம். வெட்டை நிரப்பி மெருகிட்டுத் தரும் கைவேலைக்காரர் எங்கும் உள்ளனர். அவ்வாறு ‘சீர்செய்த’ காசு டைபீரியஸின் காசாக மட்டும் எஞ்சும். தமிழகத்தின் காசாக எஞ்சாது.

துளையும் அத்தகையதே. தலைக்கு மேலே ஒன்றோ இரண்டோ துளையிட்ட பொற்காசுகளும், வளையம் பற்றவைத்த காசுகளும் தென்னிந்தியாவில் கிடைத்துள்ளன. உரோமக் காசைப் பார்த்து இங்கே செய்த பொன் போன்மைகளிலும் துளைகள் உள்ளன. அவை தொடக்கம் முதலே அணிகலனாகச் செய்யப்பட்டவையாகலாம். துளையைப் பார்க்கும்போது அதன் காலத்தை உசாவ வேண்டும். துளையின் உட்சுவர் தேய்ந்து வழவழப்பாகி, மேல்விளிம்பு நூல் அறுத்த தடத்தோடு இருந்தால் நெடுங்காலம் அணியப்பட்டது. உட்சுவர் கூர்மையாகவும் ஒளியோடும் இருந்தால் அண்மையில் துளையிட்டது. தலை நிமிர்ந்து தொங்கும்படி துளை அமைந்திருந்தால், அணிந்தவருக்கு அவ்வுருவம் பொருளுடையதாக இருந்தது என்று கருதலாம். முகத்தை வெட்டிச் சிதைத்த வழக்கமும், அதே முகத்தை நிமிர்த்திக் கழுத்தில் தொங்கவிட்ட வழக்கமும் ஒரே நிலப்பகுதியில் இருந்தன. காலவேறுபாடா, குழுவேறுபாடா என்பது இன்னும் தீராத வினா.

இங்கே கிடைத்ததுதானா?

வெட்டோ துளையோ இல்லாத காசுக்கு என் செய்வது? நேரடிச் சான்று இல்லாதபோது ஒப்பீடு ஒன்றே வழி. தென்னிந்தியப் புதையல்களின் உள்ளடக்கம் தற்செயலானதன்று. வெள்ளியில் மேலே விளக்கிய அகஸ்டஸ், டைபீரியஸ் வகைகள் பெருமளவு மேலோங்குகின்றன. நீரோவின் மாற்றத்துக்குப் பிற்பட்ட வெள்ளி அரிது. முதல் இரு நூற்றாண்டுகளின் பெரிய பித்தளை, செம்புக் காசுகளும் அரியனவே. மூன்றாம் நூற்றாண்டில் ஐரோப்பா எங்கும் பெருகிய, கதிர்முடி சூடிய தலையுள்ள மட்டமான வெள்ளிக்காசு இங்கு வழக்கமான வரவு அன்று. ஆதலின் வீட்டிலுள்ள காசு டைபீரியஸின் தெனாரியஸ் என்றால், அது உள்ளூர் மண்ணிலிருந்து வந்தது என்னும் குடும்பச் செய்தி நம்பத்தக்கதாகிறது. உள்ளங்கையை நிரப்பும் செஸ்டர்ஷியஸ் அல்லது கதிர்முடிக் காசு என்றால், கப்பல்வேலைக்கோ போருக்கோ கடல் கடந்து சென்ற முன்னோர் எவரேனும் கொண்டுவந்தாரா என்று முதலில் கேட்க வேண்டும்.

இவ்வொப்பீட்டில் ஓர் ஆபத்து உண்டு. பட்டியலோடு ஒத்துப்போகும் காசுகளை மட்டும் உள்ளூர்க் காசு என ஏற்று, ஒத்துப்போகாதவற்றை அயலது என்று தள்ளினால், பழைய பட்டியல் தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொண்டே இருக்கும். மதுரைச் செம்புக்காசுகளின் கதை இதற்கு எச்சரிக்கை. சிறு செம்புச் சில்லறை கடல்வணிகத்துக்கு உரியதன்று எனக் கருதிய சூவெல், மதுரையில் உரோமர் குடியிருந்தனர் என்று ஊகித்தார். இலங்கையிலும் கரூரிலும் அவை பெருந்தொகையாகக் கிடைத்தபின் அவ்வூகத்துக்கு அடிப்படை தளர்ந்தது. எனவே ஒவ்வாத காசை அயலது என்று எழுதாமல், ‘வரவு ஐயத்துக்குரியது’ என்று எழுதிக் காரணத்தையும் சேர்த்து வைப்பதே ஆய்வுக்கு நேர்மை.

காலம் பற்றியும் ஒரு சொல். டைபீரியஸின் காசு கி.பி. 37-க்குள் அடிக்கப்பட்டது என்பதனால் அது 37-க்குள் இங்கு வந்தது என்று ஆகாது. கறுக்காக்குறிச்சிப் புதையலிலேயே வெஸ்பேசியன் காசோடு அகஸ்டஸ் காசும் கிடந்தது. தனிக்காசு தருவது முன்னெல்லை மட்டுமே. பின்னெல்லையைத் தர அதனிடம் ஒன்றுமில்லை. அகநானூற்றின் 149-ஆம் பாட்டு யவனர் கலம் பொன் கொணர்ந்து மிளகு கொண்டு செல்வதைப் பாடுகிறது என்பதற்காக, வீட்டுப் பெட்டியிலுள்ள ஒரு ஔரியஸை அப்பாட்டின் காலத்துக்குச் சான்றாக நிறுத்துவது பிழை.

வாய்மொழியும் புளியும்

காசோடு வரும் குடும்ப வாய்மொழியை ஆய்வாளர் எள்ளுவதும் உண்டு, அப்படியே நம்புவதும் உண்டு. கேட்கும் முறையில்தான் அதன் பயன் உள்ளது. ‘எங்கே கிடைத்தது’ என்ற ஒரே வினாவுக்கு ‘எங்கள் நிலத்தில்’ என்ற விடையே வரும். எத்தனை காசுகள் இருந்தன, எதில் இருந்தன, யார் யாருக்குப் பிரிந்தன, எவை உருக்கப்பட்டன, அந்நிலம் எப்போது குடும்பத்துக்கு வந்தது எனத் தனித்தனியே, வெவ்வேறு கிளையினரிடம் கேட்க வேண்டும். பாகப்பிரிவினையில் நான்கு வீடுகளுக்குச் சென்ற காசுகளை மீண்டும் ஒரே மேசையில் வைத்து எடை, தேய்வு, வெட்டின் கோணம் ஆகியவற்றை ஒப்பிட்டால், அவை ஒரு பானையிலிருந்து வந்தவையா என்பதை ஓரளவு உறுதிசெய்ய முடியும். ஒருவர் பங்கு விற்கப்பட்டாலும் இவ்வாய்ப்புக் குறைந்துவிடும்.

தூய்மைப்படுத்துவது பெருங்கேடு. செம்பைப் புளியாலும் வெள்ளியைத் திருநீற்றாலும் துலக்குவது வீட்டு வழக்கம். நான்காம் நூற்றாண்டுச் செம்புக்காசில் உருவத்தின் நுண்கோடுகள் பெரும்பாலும் பச்சைப் படலத்தில்தான் நிற்கின்றன. புளி அப்படலத்தைக் கரைத்ததும் கீழே இருப்பது பொறிப்பற்ற செம்பு வில்லை. திருநீறு வெள்ளியைச் சுரண்டும். எழுத்தின் ஓரத்தோடு, அண்மைத் தேய்வுக்கும் பழந்தேய்வுக்கும் உள்ள வேறுபாட்டையும் அது அழித்துவிடும். மண் ஒட்டியிருந்தால் அதையும் விட்டுவைக்க வேண்டும். கிடைத்த இடத்துக்கு அதுவே எஞ்சிய சாட்சியாக இருக்கலாம். சாய்ந்த ஒளியில் இருபுறமும் விளிம்பும் அளவுகோலுடன் எடுத்த நிழற்படம், எடை, விட்டம், முன்பின் உருவங்களின் திசை ஒப்பு, தழும்புகளின் வரைபடம், குடும்பச் செய்தியைச் சொன்னவர் பெயரும் நாளும் ஆகிய இவ்வளவும் இருந்தால் காசு வீட்டிலேயே இருந்தாலும் ஆய்வுக்குக் கிட்டிவிடும்.

வீட்டார் அருங்காட்சியகத்தை அணுகத் தயங்குவதற்குச் சட்ட அச்சமே பெருங்காரணம். புதிதாக மண்ணிலிருந்து கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள் ஆதலால் தனியார் அதனை நாட்டுக்கு வெளியே அனுப்பலாகாது என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘காட்டினால் பறித்துக்கொள்வார்கள்’ என்று அஞ்சிக் காசைப் பொற்கொல்லரிடம் கொடுத்துவிடுவோர் உளர்.

இவ்வச்சமும் உருக்கலும் இன்று தோன்றியவை அல்ல. 1780-களில் நெல்லூர் அருகே ஓர் உழவரின் ஏர் செங்கற் கட்டடத்தில் தடைப்பட்டது. தோண்டியபோது சிறு கோயிலொன்றின் இடிபாட்டுக்கடியில் உரோமப் பொற்காசுகள் கொண்ட பானை கிடைத்தது. அவர் அவற்றைப் பழம்பொன்னாக விற்றார், பல உருக்கப்பட்டன, முப்பதுக்குச் சற்று மேற்பட்டவையே மீண்டன. சென்னையின் ஆளுநராக இருந்த அலெக்சாந்தர் டேவிட்சன் அவற்றைப் பார்த்து எழுதிய குறிப்பு ‘ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ இரண்டாம் தொகுதியில் வெளிவந்தது. டிராஜன், ஹாட்ரியன், ஃபாஸ்டினா ஆகியோரின் காசுகள் அவை. பல அன்று அடித்தவைபோல் புதிதாக இருந்தன என்றும், சில சிதைந்தும் துளையிடப்பட்டும் இருந்தன என்றும், துளையுள்ளவை கையிலும் கழுத்திலும் அணியப்பட்டிருக்கலாம் என்றும் அவர் குறித்தார். எடையையோ துளையின் இடத்தையோ அவர் எழுதவில்லை. இரண்டாம் நூற்றாண்டுப் பொன்னை இந்நிலத்தார் அணிந்தது பற்றி அப்பானையிலிருந்து நமக்குக் கிடைத்திருப்பது அவ்வொரு வரி.